முதலில் மூலப்பிரதி

வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் எலெக்ட்ரிக் கிட்டாரோடு உட்காருகிற பெரும்பாலோர் முதலில் தேடுவது டோனைத்தான். எந்த ஆம்ப் பிளக்-இன் வாங்கலாம், எந்த ப்ரீசெட்டில் அந்தப் பாட்டின் சத்தம் வரும் என்று தேடல் தொடங்கும். இந்த அத்தியாயம் அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவைக்கச் சொல்கிறது. ஆம்ப், ஸ்பீக்கர், டிலே, ரிவெர்ப், ஈக்யூ எல்லாவற்றையும் பதிவு முடிந்து ஒரு வருடம் கழித்துக்கூட மாற்றிக்கொள்ளலாம். கிட்டார் ஜாக்கிலிருந்து கேபிளில் இறங்கி, இன்டர்ஃபேஸுக்குள் எண்களாக மாறி, கோப்பில் பதிந்துவிட்ட வெறும் சிக்னலை மட்டும் மாற்ற முடியாது. பதிவுக்காரர்கள் இதை டி.ஐ. என்பார்கள். தனியாகக் கேட்டால் ஒல்லியாக, உயிரில்லாமல், கம்பியை நகத்தால் சுண்டியதுபோல இருக்கும். ஆனால் அதுதான் மூலப்பிரதி. மற்ற எல்லாமே அதிலிருந்து எடுக்கும் நகல்கள். வீட்டில் பதிவு செய்பவர் தன் நேரத்தையும் பணத்தையும் கவனத்தையும் முதலில் செலவிட வேண்டியது இந்த மூலப்பிரதிக்கே என்பதுதான் இங்கே நான் வாதிடப்போவது.

கிட்டாரை ஆம்ப் இல்லாமல் நேராகச் செருகுவது கம்ப்யூட்டர் காலத்துச் சிக்கனம் என்று நினைப்பவர்கள் உண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1968-ல் பீட்டில்ஸ் வெளியிட்ட ‘ரெவல்யூஷன்’ பாட்டின் தொடக்கத்தில் காதைக் கிழிக்கும் அந்தக் கிட்டார், ஆம்பிலிருந்து வந்ததல்ல. ஸ்டூடியோவின் மிக்ஸிங் மேசையில் நேராகச் செருகி, மேசையின் ப்ரீ-ஆம்பையே திணறவைத்து எடுத்தது. 1979-ல் வந்த பிங்க் ஃப்ளாய்டின் ‘தி வால்’ தொகுப்பில், ‘அனதர் பிரிக் இன் தி வால்’ இரண்டாம் பகுதியின் சோலோவை டேவிட் கில்மோர் மேசையில் நேராகச் செருகியே வாசித்தார். பதிவான சிக்னலைப் பிறகு ஆம்புக்கு அனுப்பி, அங்கிருந்து வந்த சத்தத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். இன்று நாம் பிளக்-இன் வழியாகச் செய்வது அந்த இரண்டாவது முறையைத்தான். வாசிப்பு முதலில், ஆம்ப் பிறகு. இரண்டு பாட்டிலும் கம்பியிலிருந்து மேசைக்குப் போன சிக்னல் சரியாக இருந்தது. அதனால்தான் பிறகு செய்ததெல்லாம் பலன் தந்தது.

மூலப்பிரதியில் இருக்கும் சின்னக் குறை ஏன் பெரிதாகிறது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். டிஸ்டார்ஷன் என்பது அலையின் உச்சியைத் தட்டையாக்குவது. உச்சி தட்டையானதும் சத்தமான ஸ்வரம் அதற்கு மேல் ஏறாது. ஆனால் அதன் அடியில் இருக்கும் மெல்லிய இரைச்சல் ஏறிக்கொண்டேதான் இருக்கும். உங்கள் டி.ஐ. பதிவில் ஸ்வரம் மின்சார உறுமலைவிட 60 டெசிபெல் உயரத்தில் நிற்கிறது என்று வையுங்கள். வெறும் சிக்னலாகக் கேட்கும்போது அந்த உறுமல் காதில் விழாது. அதை 40 டெசிபெல் அளவுக்கு நசுக்கும் ஆம்பில் கொடுத்தால், மின்னழுத்தக் கணக்கில் 100 மடங்கு பெருக்கம். இப்போது ஸ்வரத்துக்கும் உறுமலுக்கும் இடையே மிஞ்சுவது 20 டெசிபெல்தான். சுத்தமாகத் தெரிந்த பதிவு மெட்டல் ரிஃப்புக்கு வந்ததும் ஈக்கூட்டம் போல இரைவதற்குப் பிளக்-இன் காரணம் இல்லை. குறை முன்பே பதிவாகியிருந்தது, பிளக்-இன் அதைக் காட்டிக்கொடுத்தது.

முதல் தவறு பெரும்பாலும் செருகும் இடத்திலேயே நடந்துவிடுகிறது. லேப்டாப்பின் மைக் துளையில் ஒரு சின்ன அடாப்டரை வைத்துக் கிட்டாரைச் செருகினால் சத்தம் வரும், பதிவும் ஆகும். ஆனால் போர்வைக்குள்ளிருந்து வாசிப்பதுபோல மந்தமாக இருக்கும். கிட்டாரின் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிப் பல ஆயிரம் சுற்று மெல்லிய செம்புக் கம்பி சுற்றிய காயில். அப்படிப்பட்ட காயில், உயர்ந்த அதிர்வெண்களைத் தானே எதிர்க்கும். 3 ஹென்றி அளவுள்ள பிக்கப் ஒன்று 3,000 ஹெர்ட்ஸில் சுமார் 56 கிலோ ஓம் எதிர்ப்புக் காட்டும். எதிர்ப்பக்கம் 10 கிலோ ஓம் மட்டுமே உள்ள சாதாரண லைன் இன்புட் இருந்தால், அந்த அதிர்வெண்ணில் ஆறில் ஒரு பங்கு சிக்னல்தான் உள்ளே போகும். கம்பியின் பளபளப்பும் பிளெக்ட்ரம் கம்பியைத் தொடும் கூர்மையும் இருப்பது அங்கேதான். கிட்டாருக்கென்று உள்ள இன்புட்டின் எதிர்ப்பு (இம்பீடன்ஸ்) 10 லட்சம் ஓம், அதாவது 1 மெகா ஓம் அளவில் இருக்கும். ஆகவே அது சிக்னலை ஏறக்குறைய முழுதாக வாங்கிக்கொள்ளும். இன்டர்ஃபேஸில் ‘இன்ஸ்ட்’ அல்லது ‘ஹை-இசட்’ என்று எழுதிய, சிலவற்றில் கிட்டார் படம் போட்ட, பொத்தான் இருப்பது இதற்குத்தான். அதை அழுத்த மறந்து பதிவு செய்துவிட்டு, பிறகு ஈக்யூவில் ட்ரெபிளை ஏற்றிச் சரிசெய்யப் பார்த்தால் இழந்த பளபளப்போடு சேர்ந்து இரைச்சலும் ஏறும். கேபிளின் நீளமும் இந்தக் கணக்கில் வருகிறது. ஒரு மீட்டர் கேபிள் சுமார் 100 பிகோஃபாரட் கொள்திறனைச் சேர்க்கும், நீளம் கூடக்கூடப் பிரகாசம் குறையும். மேசையிலிருந்து நாற்காலிக்கு 3 மீட்டர் போதும். கிட்டாரின் வால்யூம் குமிழை முழுதாகத் திறந்து வையுங்கள். பல கிட்டார்களில் அதைக் குறைத்தால் சத்தத்தோடு ட்ரெபிளும் போய்விடும்.

லெவல் விஷயத்தில் ஒரு பழைய நம்பிக்கை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மீட்டர் எவ்வளவு மேலே ஏறுகிறதோ அவ்வளவு நல்ல பதிவு என்பது அது. டேப் காலத்தில் அதில் நியாயம் இருந்தது, டேப்பின் சொந்தச் சீறல் பலமாக இருந்ததால் சிக்னலை உயர்த்தி அதை மூட வேண்டியிருந்தது. 24 பிட் பதிவின் கோட்பாட்டு வீச்சு 144 டெசிபெல். நீங்கள் உச்சத்தை மைனஸ் 12 டெசிபெல்லில் நிறுத்தினாலும் உங்கள் கிட்டாரின் இயல்பான இரைச்சல் அந்த எண்முறையின் அடித்தளத்தைவிட வெகு உயரத்தில்தான் இருக்கும். எதிர்ப்பக்கத்தில், பூஜ்ஜியத்தைத் தொட்டுவிட்டால் அலையின் தலை வெட்டுப்படும், அதை ஒட்டவைக்க வழியில்லை. எனவே பாட்டிலேயே பலமாக வரும் இடத்தை, பதிவின்போது வரும் அதே வேகத்தோடு, ஒரு நிமிடம் வாசித்துப் பாருங்கள். உச்சம் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6-க்கும் இடையில் நிற்கும்படி கெயினை வையுங்கள். சோதிக்கும்போது மெதுவாகவும், பதிவு ஓடும்போது ஆவேசமாகவும் வாசிப்பதுதான் மனித இயல்பு. அந்த வித்தியாசத்துக்கு இடம் விடவேண்டும். கெயின் குமிழ் நின்ற இடத்தை எழுதிவையுங்கள். ஆம்ப் பிளக்-இன்களுக்கு உள்ளே வரும் சிக்னலின் பலத்தைப் பொறுத்து டிஸ்டார்ஷன் கூடும், குறையும். அடுத்த நாள் வேறு கெயினில் வாசித்தால் அதே ப்ரீசெட் வேறு ஆளைப் போலப் பேசும்.

இரைச்சலுக்கு அதிக இடம் கொடுத்தே ஆகவேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் அது தனி வகை. இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிக்கப்பின் காயில் கம்பியின் அசைவை மட்டும் வாங்குவதில்லை, அறையில் உள்ள எந்த மாறும் காந்தப்புலத்தையும் வாங்கும். சிங்கிள் காயில் கிட்டார்களில் அது 50, 100 ஹெர்ட்ஸ் உறுமலாகவும் அதற்கு மேலே எரிச்சலூட்டும் ரீங்காரமாகவும் கேட்கும். 1950-களின் நடுவில் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் உருவாக்கிய ஹம்பக்கர் இதற்காகவே பிறந்தது. காந்தமும் சுற்றும் எதிரெதிராக உள்ள இரண்டு காயில்களை இணைத்தால், கம்பியின் சிக்னல் கூடும், அறையின் உறுமல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஹம்பக்கர் இல்லாத கிட்டார் வைத்திருப்பவர் செய்யவேண்டியது செலவில்லாத ஒன்று. பிளக்-இன்னில் கெயினை ஏற்றி, கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்தபடி, சுழல் நாற்காலியில் மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். உறுமல் ஏறி, இறங்கி, ஓரிடத்தில் ஏறக்குறைய மறைந்துவிடும். காயில் அந்தப் புலத்துக்குப் பக்கவாட்டாகத் திரும்பிய இடம் அது. தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, அந்தத் திசையிலேயே உட்கார்ந்து வாசியுங்கள்.

அடுத்து மேலே பாருங்கள். சீலிங் ஃபேனின் ரெகுலேட்டர், குமிழை நெடுகத் திருப்பும் பழைய எலெக்ட்ரானிக் வகையாக இருந்தால் அது மின்சார அலையை ஒவ்வொரு சுற்றிலும் நறுக்கித்தான் வேகத்தைக் குறைக்கிறது. அந்த நறுக்கலின் கூர்மை முழுவதும் பிக்கப்பில் சிரசிரவென்று விழும். ஃபேனை முழு வேகத்தில் வைத்தால் அல்லது நிறுத்தினால் அது போய்விடும். படிப்படியாக வேகம் மாறும் கெப்பாசிட்டர் வகை ரெகுலேட்டரில் இந்தத் தொல்லை இல்லை. விளக்கு டிம்மர், மலிவான எல்.இ.டி. விளக்கு, பக்கத்தில் வைத்த மொபைல் ஆகியவற்றையும் ஒவ்வொன்றாக அணைத்துக் கேட்டுப் பாருங்கள். பவர் கட் ஆகி ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் வீடு ஓடிக்கொண்டிருந்தால் பதிவைத் தள்ளிப்போடுவது நல்லது. லேப்டாப்பின் சார்ஜர் எர்த் இல்லாத இரண்டு பின் வகையானால் கழற்றிவிட்டு பேட்டரியில் பதிவு செய்து பாருங்கள், பல வீடுகளில் இந்த ஒரு மாற்றத்திலேயே பாதி ரீங்காரம் நின்றுவிடும். உறுமலைப் போக்க ஆம்பின் எர்த் பின்னை உடைத்துவிடும் வழக்கம் ஒன்று இருக்கிறது. அதை ஒருபோதும் செய்யாதீர்கள். கிட்டாரின் கம்பிகள் ஆம்பின் உடலோடு மின்சாரமாக இணைந்தவை. ஆம்பில் பழுது வந்தால் 230 வோல்ட் உங்கள் விரலுக்கு வரும்.

இவ்வளவு எதற்கு, நாய்ஸ் கேட் போட்டால் தீர்ந்தது என்பது வழக்கமான மறுப்பு. வாசிப்பு நிற்கிற இடைவெளியில் இரைச்சலை வெட்டுவதற்கு கேட் உதவும்தான். ஆனால் ஸ்வரம் ஒலிக்கும்போது கேட் திறந்திருக்கிறது, இரைச்சலும் அதோடு சேர்ந்து உள்ளே வருகிறது. நீண்ட ஸ்வரம் தேய்ந்து இரைச்சலின் உயரத்துக்கு இறங்கும்போது, கேட் எதை வெட்டுவது என்று தெரியாமல் ஸ்வரத்தின் வாலையும் நறுக்கிவிடும். மெதுவான சோலோவில் அந்த வால்தான் பாட்டு. மூலத்திலேயே இரைச்சலைக் குறைத்தவருக்கு கேட்டை மென்மையாக வைத்தால் போதும், அப்போதுதான் அது தன் வேலையைச் செய்யும்.

சுருதி பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று தோன்றலாம். டிஸ்டார்ஷன் அங்கேயும் கணக்கை மாற்றுகிறது. இரண்டு ஸ்வரங்கள் சேர்ந்து ஒரு டிஸ்டார்ஷனுக்குள் போனால், அவற்றின் அதிர்வெண் வித்தியாசத்தில் மூன்றாவது ஸ்வரம் ஒன்று தானாகப் பிறக்கும். தடித்த ஈ கம்பி 82.4 ஹெர்ட்ஸ், அதற்கு மேலுள்ள பி 123.5. வித்தியாசம் சுமார் 41, அதாவது ஏறக்குறைய அதே ஈயின் கீழ் ஸ்தாயி. பவர் கார்ட் டிஸ்டார்ஷனில் அவ்வளவு கனமாகக் கேட்பதற்குக் காரணம் கைக்கு எட்டாத அந்த மூன்றாவது ஸ்வரம். அந்த பி ஸ்வரத்தின் சுருதி கொஞ்சம் விலகினால், விலகல் பியில் மட்டும் நிற்காது. பிறந்த ஸ்வரமும் விலகி, கார்ட் முழுவதும் தள்ளாடும். சுத்தமான டோனில் காது மன்னிக்கும் பிசகை டிஸ்டார்ஷன் மன்னிக்காது. ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் ட்யூனரைப் பாருங்கள். சுருதியைக் கீழிருந்து மேலே ஏற்றி நிறுத்துங்கள், மேலிருந்து இறக்கி நிறுத்தினால் கம்பியில் தொய்வு தங்கி, இரண்டு பென்டில் சுருதி இறங்கிவிடும். 12-வது ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் அழுத்திய ஸ்வரத்தையும் ஒப்பிடுங்கள். அழுத்திய ஸ்வரம் உயர்ந்து நின்றால் பிரிட்ஜின் சேடிலைப் பின்னால் தள்ளவேண்டும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றும் வியர்வையும் கம்பியை விரைவில் துருப்பிடிக்க வைக்கும். பழைய கம்பியின் மந்தத்தை எந்த ஈக்யூவாலும் போக்க முடியாது. பிளக்-இன்னுக்குச் செலவிட நினைக்கும் பணத்தில் ஒரு செட் புதுக் கம்பி வாங்குவது எனக்கு எப்போதும் மேலான முடிவாகப் படுகிறது.

இனி லேட்டன்சி. கம்பியைத் தட்டியதற்கும் ஹெட்ஃபோனில் சத்தம் வருவதற்கும் இடையே உள்ள தாமதம் இது. கம்ப்யூட்டர் ஒலியைத் துளித்துளியாகச் சேர்த்து, ஒரு கைப்பிடி சேர்ந்ததும்தான் கணக்குப் போடுகிறது. அந்தக் கைப்பிடியின் அளவு பஃபர். 44.1 கிலோஹெர்ட்ஸில் 128 மாதிரிகள் என்றால் 2.9 மில்லிசெகண்ட், போகவும் வரவும் சேர்த்து, இன்டர்ஃபேஸின் சொந்தத் தாமதமும் சேர்ந்து, 10 மில்லிசெகண்டுக்குள் முடிந்துவிடும். இதுவே அதிகம் என்று குறைப்படுபவர்கள், காற்றில் ஒலி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர்தான் போகிறது என்பதை நினைக்கவேண்டும். மேடையில் ஆம்பிலிருந்து 3 மீட்டர் தள்ளி நின்று வாசிப்பவருக்கும் ஏறக்குறைய 9 மில்லிசெகண்ட் தாமதம் இருக்கிறது, அவர் அதை உணர்வதே இல்லை. ஆனால் பஃபரை 1024-ல் விட்டுவிட்டால் போகவர 46 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். அது ஆம்பிலிருந்து 16 மீட்டர் தள்ளி, தெருமுனையில் நின்று வாசிப்பதற்குச் சமம். கை தடுமாறும், தாளம் நழுவும், அந்த நழுவல் மூலப்பிரதியில் பதியும். விண்டோஸில் இன்டர்ஃபேஸ் நிறுவனம் தரும் ஏசியோ டிரைவரைப் பயன்படுத்துங்கள். 1997-ல் ஸ்டைன்பெர்க் நிறுவனம் கொண்டுவந்த அந்த முறை, விண்டோஸின் வழக்கமான ஒலிப்பாதையைத் தாண்டிப் போவதால் தாமதம் வெகுவாகக் குறைகிறது. மேக்கில் இந்தத் தொல்லை குறைவு. பதிவின்போது 64 அல்லது 128, மிக்ஸிங்கின்போது 1024 என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

தாமதத்தைத் தவிர்க்க இன்டர்ஃபேஸின் டைரக்ட் மானிட்டர் பொத்தானை அழுத்தி, வெறும் சிக்னலைக் கேட்டுக்கொண்டே வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். ராக் பகுதிகளுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். காதில் கேட்கும் டோன் கையை மாற்றுகிறது. வெறும் சிக்னலில் ஸ்வரம் சீக்கிரம் செத்துப்போவதால் வலது கை அதைப் பிழைக்கவைக்க அதிகமாக அடிக்கும், இடது கை மற்ற கம்பிகளை அமுக்க மறக்கும். பிறகு டிஸ்டார்ஷன் போட்டால் அமுக்காத கம்பிகள் எல்லாம் கூடவே கத்தும். எனவே கேட்பது ஆம்ப் பிளக்-இன் வழியாக, பதிவாவது வெறும் சிக்னலாக. பெரும்பாலான பதிவு மென்பொருள்களில் டிராக்கில் பிளக்-இன்னைச் செருகினாலே இப்படித்தான் நடக்கும்: கோப்பில் போவது பிளக்-இன்னுக்கு முந்தைய சிக்னல். யுஎஸ்பி உள்ள மல்டி-எஃபெக்ட் பெடலை இன்டர்ஃபேஸாகப் பயன்படுத்துபவர்கள், அது எஃபெக்ட் இல்லாத சிக்னலையும் தனிச் சேனலில் அனுப்புகிறதா என்று பார்த்து, இருந்தால் இரண்டையும் பதிவு செய்யவேண்டும்.

இனி பெரிய மறுப்பு. உண்மையான வால்வு ஆம்பும் மைக்கும் தருவதை எந்தக் கணக்கும் தராது என்கிறார்கள். நல்ல அறையில், நல்ல ஆம்பை உரக்க வைத்து, அறிந்தவர் மைக் வைத்துப் பதிவு செய்தால் கிடைப்பது அபூர்வமான ஒன்று, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இங்கே பேசுவது வீட்டைப் பற்றி. 15 வாட் வால்வு ஆம்பே அது நன்றாக ஒலிக்கும் அளவுக்கு ஏற்றினால் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்று தளத்துக்குக் கேட்கும். டைல்ஸ் தரையும் சிமெண்ட் சுவரும் உள்ள பத்துக்குப் பத்து அறையில் ஆம்பை வைத்து மைக் நீட்டினால், பதிவாவது ஆம்போடு சேர்ந்த அந்த அறை. அறையைப் பதிவிலிருந்து எடுக்க முடியாது. மேலும் மைக்கை ஸ்பீக்கர் கூம்பின் நடுவிலிருந்து ஓர் அங்குலம் ஓரமாக நகர்த்தினாலே டோன் மாறிவிடும், ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு அதே அறையில் ஆம்ப் கத்தும்போது அந்த மாற்றத்தைச் சரியாகக் கேட்டு முடிவெடுப்பது கடினம். ஆம்ப் உள்ளவர் அதை விட்டுவிட வேண்டியதில்லை. ஒரு டி.ஐ. பாக்ஸ் சிக்னலை இரண்டாகப் பிரித்து ஒன்றை ஆம்புக்கும் ஒன்றை இன்டர்ஃபேஸுக்கும் அனுப்பும். மைக் பதிவு நன்றாக வந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். வரவில்லை என்றால் மூலப்பிரதி கையில் இருக்கிறது.

பிளக்-இன் டோன் வண்டு ரீங்காரம்போல இருக்கிறது என்ற புகாரை ஆராய்ந்தால், பெரும்பாலும் குற்றம் ஆம்ப் பகுதியில் இருக்காது. கிட்டாருக்கான 12 அங்குல ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் செங்குத்தாக இறங்கிவிடும். டிஸ்டார்ஷனின் கூரான மேற்பகுதியை வெட்டி, காதுக்கு இதமாக்குவது அந்த இறக்கம்தான். பிளக்-இன்னில் ஸ்பீக்கரின் வேலையைச் செய்யும் கேபினெட் பகுதி அணைந்திருந்தால் அந்த வெட்டு இல்லாமல் எல்லாமே வெளியே கொட்டும். இரண்டு கேபினெட் அடுத்தடுத்து ஓடினாலோ சத்தம் சகதியாகிவிடும். ஐ.ஆர். எனப்படும் கோப்பு ஒரு ஸ்பீக்கரும் மைக்கும் அறையும் சேர்ந்து ஒலியை வடிகட்டும் விதத்தைப் பிடித்துவைத்தது. ஆம்பை மாற்றுவதைவிட இதை மாற்றினால் டோன் அதிகம் மாறும். புது ஆம்ப் பிளக்-இன் வாங்குமுன் இருக்கும் ஆம்பில் பத்து ஐ.ஆர். மாற்றிக் கேட்டுப் பாருங்கள்.

ஃபீட்பேக்கில் மட்டும் மறுப்பாளர்கள் சொல்வது முழுக்கச் சரி. ஸ்பீக்கரின் ஒலி கம்பியை மறுபடி அசைக்க, கம்பி மறுபடி ஸ்பீக்கரை ஊட்ட, அந்த வட்டத்தில் பிறக்கும் நீண்ட ஸ்வரத்தை ஹெட்ஃபோனில் உண்டாக்க முடியாது. அதற்கு உரத்த ஸ்பீக்கர் முன்னால் நின்றாக வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: ஃபீட்பேக் கம்பியில் நடக்கிறது. ஆகவே அந்த நேரத்திலும் வெறும் சிக்னலைப் பதிவு செய்தால், கம்பியின் அந்த நடுக்கம் மூலப்பிரதியிலேயே இருக்கும். வா-வா பெடல் விஷயத்தில் என் முடிவு வேறு. பாதத்தின் அசைவு வாசிப்பின் பகுதி, அதைப் பெடலோடேயே பதிந்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் பிறகு மாற்றலாம் என்றால் எதையுமே முடிக்க மாட்டோம் என்ற கவலையும் நியாயமானதே. ஐம்பது ஆம்ப், முந்நூறு ஸ்பீக்கர் முன்னால் உட்கார்ந்து பாட்டைத் தொலைத்தவர்கள் நிறைய. அதற்கு மருந்து மூலப்பிரதியைக் கைவிடுவதில் இல்லை. வாசிக்கும் முன்பே டோனை முடிவு செய்து, அதைக் கேட்டுக்கொண்டே வாசித்து, அன்றே அந்த டோனோடு ஒரு கோப்பை எடுத்துவைத்து, மிக்ஸிங்கில் அதையே பயன்படுத்துங்கள். வெறும் சிக்னல் டிராக்கை மியூட் செய்து ஓரமாக வைத்தால் போதும்.

கம்ப்யூட்டரால் பிறகு உண்டாக்க முடியாத இன்னொன்று அகலம். ராக் பாட்டுகளில் இடதும் வலதுமாகச் சுவர்போல நிற்கும் கிட்டார், ஒரே பகுதியை இரண்டு முறை தனித்தனியாக வாசித்து இரண்டு பக்கமும் வைத்தது. ஒரே டேக்கை நகலெடுத்து இரண்டு பக்கமும் வைத்தால் காதுக்கு அது நடுவில் நிற்கும் ஒரே கிட்டார், சத்தம் மட்டும் கூடும். நகலை 20 மில்லிசெகண்ட் தள்ளிவைத்தால் ஹெட்ஃபோனில் அகலமாகத் தெரியும், ஆனால் மொபைலின் ஒற்றை ஸ்பீக்கரில் இரண்டும் கலந்து சில அதிர்வெண்கள் அழிந்து, தகரக்குழாய்க்குள் வாசித்ததுபோல ஆகிவிடும். இரண்டு டேக்குகளில் உங்கள் கை செய்யும் சின்னச் சின்ன வேறுபாடுகளே அகலம். ஒரு பகுதியை ஒரே மாதிரி இரண்டு முறை வாசிக்கும் அளவுக்குத் தயாரான பிறகே பதிவுக்கு உட்காருங்கள். இரட்டைப் பதிவில் ஒவ்வொரு டேக்குக்கும் ஆம்ப் பிளக்-இன்னின் கெயினை வழக்கத்தைவிடக் குறைத்து வையுங்கள். இரண்டும் சேரும்போது கனம் வந்துவிடும்.

கடைசியாகச் சேமிப்பு. கோப்பின் பெயரில் பாட்டு, பகுதி, டேக் எண், வேகம் ஆகியவை இருக்கட்டும். எந்த பிக்கப், கெயின் எங்கே, என்ன சுருதி என்பதை ஒரு சின்ன உரைக்கோப்பில் எழுதி அதே ஃபோல்டரில் போடுங்கள். 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸில் ஒற்றை டிராக் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 8 எம்.பி. நான்கு நிமிடப் பாட்டுக்கு எட்டு கிட்டார் டிராக் என்றாலும் மொத்தம் கால் ஜி.பி. அளவுதான் வரும். இடம் போதவில்லை என்று எதை வேண்டுமானாலும் அழியுங்கள், இந்தக் கோப்புகளை அழிக்காதீர்கள், இரண்டு இடங்களில் வையுங்கள்.